நானூற்றுப் பதினேழாம் மேஜை

பிற்பகல் மூன்று மணிக்கு 417-ன் விளக்கு எரிந்தது.

ஆபரேட்டர் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவள் முன்னால் இருந்த போர்டில் நூற்று எண்பது சின்ன விளக்குகள், கட்டடத்தின் ஒவ்வொரு மேஜைத் தொலைபேசிக்கும் ஒன்று. மணி அடித்தால் விளக்கு விட்டுவிட்டு மின்னும். யாராவது ரிசீவரை எடுத்தால் அசையாமல் சிவப்பாக எரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த விளக்குகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இதில் சந்தேகமே இல்லை. 417 அசையாமல் எரிந்தது. நாலாவது மாடியின் கடைசியில், இரண்டு வருடத்துக்கு முன்பே மூடிவிட்ட ஏற்றுமதிப் பிரிவில், யாரும் உட்காராத ஒரு மேஜையில், யாரோ ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மேஜையில் தொலைபேசியே கிடையாது. ஏழு வாரத்துக்கு முன் அவள்தான் கத்தரிக்கோலால் வயரை வெட்டி, கருவியைப் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவுக்குள் போட்டுப் பூட்டியிருந்தாள். சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

"எரி" என்றாள் விளக்கைப் பார்த்து. "நல்லா எரி. உனக்கும் எனக்கும் அதுதானே வேலை."

பயம் வந்தால் அவளுக்குக் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த ஏழு வாரமாக அவள் கோபப்படாத ஆளில்லை, பொருளில்லை. டீ கொண்டுவருகிறவர் மேல், பஸ் மேல், கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தின் மேல்கூட எரிந்து விழுந்தாள். கூடவே குடியிருக்கும் தங்கை பொறுக்கமாட்டாமல், "உனக்கு என்னக்கா ஆச்சு? பேய் பிடிச்ச மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டு, இன்று காலை நாலு நாள் பயணமாக மலைப்பக்கம் கிளம்பிப் போய்விட்டாள். அங்கே சிக்னல் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நாளையிலிருந்து நாலு நாள் தொடர் விடுமுறை. போன முறையும் நாலு நாள்தான்.

போன முறை அந்த நாலு நாளும் லிஃப்டுக்குள் ஒருத்தி அடைபட்டுச் செத்துப்போனாள். தரை துடைக்கிறவள். கட்டடம் முழுக்க அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும். மேலாளர் செருமுவது, செக்யூரிட்டி கொட்டாவி விடுவது, வாசலில் நிற்கிற வண்டி கிளம்ப மறுப்பது, எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவாள். துப்புரவுப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட அந்தப் பெரிய கட்டடத்தில் ஓர் அடி இடம் ஒதுக்கவில்லை என்பதால், தினமும் ஒரு மணிக்குப் பினாயில் வாசனையோடு போர்டு அறைக்குள் நுழைந்து, ஆபரேட்டரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆபரேட்டரின் குரலில் ஆரம்பிப்பாள்: "வணக்கம். தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்." அந்த 'இருங்கள்' மட்டும் ஒரு ஜாண் நீளும். "நான் அவ்வளவு இழுக்கிறேனாக்கா?" என்று இவள் கேட்பாள். "இழுக்கிறீங்களாவா? அந்த இழுப்புல என் புடவையையே காயப்போடலாம் மேடம்" என்பாள் ரேடியோ. இருவரும் சிரிப்பார்கள்.

இப்போது ஒரு மணிக்கு யாரும் வருவதில்லை. பினாயில் வாசனை மட்டும் சில நாள் வருகிறது.

ஆபரேட்டர் ஹெட்போனை மாட்டினாள். பேச்சு நடக்கும் எந்த லைனுக்குள்ளும் போர்டிலிருந்து நுழைந்து கேட்கலாம். அவசரத்துக்கென்று வைத்த வசதி. பொத்தானில் விரலை வைத்தாள். தயங்குகிற விரல் மேலேயே கோபம் வந்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. செத்த லைனில் கேட்கும் அந்தப் பஞ்சடைத்த அமைதிகூட இல்லை, இது வேறு. மூடிய சின்ன இடத்தின் அமைதி, நாலு பக்கமும் தகடு இருக்கிற இடத்தில் மூச்சு தன் மேலேயே மோதித் திரும்புமே, அந்த மாதிரி. பிறகு தூரத்தில் ஒரு தட்டல். உள்ளங்கையை விரித்து இரும்பில் தட்டுகிற சத்தம். தட். கொஞ்சம் இடைவெளி. தட். அவசரமே இல்லாத தட்டல். அவசரப்பட்டுப் பார்த்துவிட்டு, கத்திப் பார்த்துவிட்டு, இனி இதுதான் என்று தெரிந்துபோன கை தட்டுகிற மாதிரி.

ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தாள்.

*

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

லிஃப்டுக்குள் ஒரு சிவப்பு போன் உண்டு. அதில் எண்கள் இல்லை. எடுத்தால் நேராகப் போர்டில் வந்து அடிக்கும். அதன் கொக்கி தளர்ந்துபோய், லிஃப்டின் கதவு வேகமாகச் சாத்திக்கொள்ளும்போதெல்லாம் ரிசீவர் கழன்று விழும். போர்டு ஓயாமல் அலறும். சரிசெய்யச் சொல்லி நாலு தடவை எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் யாரோ பெரிய மனிதரோடு மேலாளர் பேசிக்கொண்டிருந்தபோது லிஃப்டு போன் குறுக்கே அடித்து, அவள் பதற்றத்தில் அவர் லைனைத் துண்டித்துவிட்டாள். அவர் நேரே மேலே வந்தார். "அந்தச் சனியனை எங்கேயாவது தள்ளி விடு" என்றார். அவள் 417-க்குத் தள்ளிவிட்டாள். ஆளில்லாத மேஜை. அங்கே அடித்தால் யாருக்கு என்ன?

விடுமுறைக்கு முதல் நாள் போர்டை மூடும்போது ஒரு சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அவசர லைன்கள் எல்லாம் வாசலில் செக்யூரிட்டியின் போனுக்குப் போய்விடும். ஆனால், கையால் தள்ளிவிட்ட லைன் மட்டும் சாவிக்குக் கட்டுப்படாது. தள்ளின இடத்திலேயே நிற்கும். போர்டின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அன்றைக்கு 417-க்குத் தள்ளினதை எடுக்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டாள்.

மிச்சத்தை இந்தக் கட்டடத்தின் சட்டங்கள் பார்த்துக்கொண்டன. துப்புரவு வேலைக்காரர்கள் செல்போனோடு உள்ளே வரக்கூடாது. வாசலில் இருக்கும் மரப்பெட்டியின் அறைகளில் ஒன்றில் வைத்துவிட்டு எண் போட்ட வில்லை ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ரேடியோவின் வில்லை பத்தொன்பது. நீண்ட விடுமுறை என்றால் நாலரை மணிக்கு மாடிப்படிக் கதவுகளை எல்லாம் பூட்டிவிடுவார்கள். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மெயினையும் இறக்கிவிடுவார்கள். தொலைபேசி மட்டும் பேட்டரியில் ஓடும். வெளியே போனவர்களின் பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் எதிரே செக்யூரிட்டி ஒரே மூச்சில் தானே கையெழுத்துப் போட்டுவிடுவார். யார் போனார், யார் போகவில்லை என்று எண்ணிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

இரண்டாம் நாள் ரேடியோவின் மகள் வாசலில் வந்து நின்றிருக்கிறாள். செக்யூரிட்டி பதிவேட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். "நேத்தே போயிட்டாங்கம்மா. இந்தா, கையெழுத்து." பக்கத்தில் மரப்பெட்டிக்குள் அம்மாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. மகள்தான் அடித்துக்கொண்டிருந்தாள். "போனை மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கீழே பெட்டியில் ஒரு போன். மேலே 417-ல் ஒரு போன். ஆளில்லாத கட்டடத்தில் இரண்டும் மாறி மாறி அடித்திருக்கின்றன.

417-ல் எத்தனை முறை அடித்தது என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். தொலைபேசி இயந்திரம் எதையும் மறக்காது. இருநூற்றுப் பதினாலு. முதல் நாள் மாலை நாலு முப்பத்தொன்றுக்கு ஆரம்பித்து, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் மணிக்கு ஒன்று. கடைசி அழைப்பு மட்டும் பதினோரு மணி நேரம். எடுத்த ரிசீவரைத் திரும்ப வைக்கவில்லை.

அந்தப் பட்டியலை மேலாளர் அழிக்கச் சொன்னார். அழித்தாள். அழிப்பதற்கு முன் ஒரு பிரதி அச்செடுத்து, எட்டாய் மடித்துக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஏழு வாரமாகப் பை கனத்துக்கொண்டே போகிறது.

"இன்னொண்ணு" என்று அவர் அன்றே சொல்லியிருந்தார். "417-க்குப் போட்டதை இப்ப எடுக்காதே. எடுத்தா தேதி, நேரம், உன் பேரு எல்லாம் பதிவாகும். விசாரணை முடியட்டும்."

ஆகவே லிஃப்டு போன் இன்றைக்கும் 417-க்குத்தான் போகிறது. கொக்கியும் அப்படியே இருக்கிறது. ஒரு மனுஷி செத்தபிறகு இந்தக் கட்டடத்தில் மாறிய ஒரே விஷயம், லிஃப்டுக்குள் புதிதாக அடித்த வாசனைத் திரவம். ரிசீவர் விழுகிறபோதெல்லாம் நாலாவது மாடிக் கடைசியில் மணி அடிக்கும். அதைக் கேட்கமாட்டாமல்தான் அவள் வயரை வெட்டினாள்.

*

மூன்றேகாலுக்கு மேலாளர் போர்டுக்குப் பேசினார். "பொண்ணு வந்தாச்சு. அரை மணியிலே கூட்டம். யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது, ரெக்கார்டு பண்ணித் தொலைப்பாங்க. வாசல்ல குடுத்துட்டு வா."

"நான் எதுக்கு சார் கூட்டத்துக்கு?"

"அவ ஒரே கேள்விதான் கேட்பா. அம்மா போன் பண்ணாங்களான்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஆபரேட்டர் வாயால வந்தாத்தான் நம்புவா."

"சொல்லலைன்னா?"

அந்தப் பக்கம் சிரித்தார். "போர்டுல இருக்கிறது என் பேரா, உன் பேரா?"

நாசமாய்ப் போகிறவன். அவள் படியிறங்கி வாசலுக்குப் போனாள். ஏழு வாரமாக அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. நாலு மாடியும் ஏறி இறங்கி முழங்கால் வீங்கிவிட்டது. செக்யூரிட்டி அவள் போனை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் ஒரு வில்லையை நீட்டினார்.

பத்தொன்பது.

"வேற குடுங்க."

"மத்ததெல்லாம் போயிருச்சும்மா. இது ஒண்ணுதான் மிச்சம்."

"இதைக் கையால தொடுறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாண்ணே?"

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். "ராத்திரி ஷிப்டு வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கேன். காலிப் பெட்டியில போன் அடிக்குது."

அவளுக்கு அந்த மனிதரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மாடியேறினாள்.

நாலாவது மாடியில் கூட்ட அறை இடதுபக்கம். அவள் வலதுபக்கம் திரும்பினாள். ஏற்றுமதிப் பிரிவில் வெயில் தூசியோடு சாய்ந்து கிடந்தது. நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜைகள் மேல் வைத்திருந்தார்கள். கடைசி மேஜையின் நாற்காலி மட்டும் கீழே, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல லேசாகத் திரும்பி நின்றது. அதைச் சுற்றி மட்டும் தரை ஈரமாகப் பளபளத்தது. பினாயில் மூக்கில் ஏறியது.

பீரோவைத் திறந்தாள். கருவி வைத்த இடத்தில்தான் இருந்தது. வெட்டின வயர் இரண்டங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. ரிசீவர் மட்டும் மேலே இல்லை. பக்கத்தில் தனியாகப் படுத்திருந்தது. எடுத்தாள்.

சூடாக இருந்தது. நெடுநேரம் யாரோ காதில் வைத்திருந்த சூடு.

*

மகளுக்கு இருபத்து நாலு வயதுக்கு மேல் இருக்காது. மருந்துக்கடையில் வேலை; அந்தக் கடையின் நீலச் சட்டையோடேயே வந்திருந்தாள். நீண்ட மேஜையின் அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் மேலாளரும் வேறு மூன்று பேரும். மேஜை மேல் அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுக் கோளாறு என்றும், லிஃப்டு நின்ற உடனே உயிர் போய்விட்டது என்றும், கம்பெனியின் மேல் தவறில்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

"எங்கம்மாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல" என்றாள் மகள். "நாலு மாடித் தரையைத் தினம் துடைச்சவங்க சார். அவங்க சும்மா உட்கார்ற ஆளே கிடையாது. உள்ள போன் இருந்திருக்கு. எடுத்திருப்பாங்க."

"நம்ம ஆபரேட்டரையே கேளும்மா" என்றார் மேலாளர் இனிமையாக.

மகள் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் போர்டு மேடமா? உங்களை எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுல உங்க குரல்லதான் பேசிக்கிட்டிருப்பாங்க. நான் பசிக்குதும்மான்னு சொன்னா, 'தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்'னு சொல்லிட்டு அடுப்பைப் பத்த வைப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் காலையில நான் அம்மாகிட்டச் சண்டை போட்டேன் மேடம். ஒண்ணுமில்லாத விஷயம். சாயங்காலத்துலேர்ந்து நான் அறுபத்து மூணு தடவை போன் பண்ணேன். எடுக்கலை. கோபத்துல எடுக்க மாட்டேங்கிறாங்கன்னு நெனச்சேன். எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுல போய் உக்காந்துட்டாங்கன்னு நெனச்சு நானும் வீம்பா இருந்தேன்." அவள் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் ஆபரேட்டருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குப் பணமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அம்மா யாரையாவது கூப்பிட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

பை மடியில் இருந்தது. ஜிப்பில் ஒரு விரல் இருந்தது. மேஜைக்குக் கீழே மேலாளரின் செருப்பு அவள் காலை ஒரு முறை தொட்டது.

"இல்லம்மா" என்றாள் ஆபரேட்டர். "போர்டுக்கு எதுவும் வரலை."

அது உண்மைதான். போர்டுக்கு வரவில்லை.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நிப்பு தாளைக் கிழித்தது.

*

எல்லோரும் போய்விட்டார்கள். நாலு இருபது. போர்டை மூட வேண்டும்.

அவள் விடுமுறைச் சாவியைத் திருப்பினாள். விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. 417 அணையவில்லை. அந்த ஒற்றைச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்டு லைனை வாசலுக்கு மாற்ற மூன்று பொத்தான்கள் போதும். அழுத்தினால் அவள் பேர் பதிவாகும். அழுத்தவில்லை.

ஜன்னலுக்குக் கீழே வாசல் தெரிந்தது. மகள் அங்கே நின்றிருந்தாள். செக்யூரிட்டி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்: ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு செல்போன், ஒரு ஜோடிச் செருப்பு. மகள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து மறுபடி மூடினாள்.

அப்போது ஆபரேட்டருக்குள் ஏதோ அறுந்தது. அத்தனை நாள் யார் யார் மேலோ எறிந்துகொண்டிருந்த கோபம் முழுவதும் சுற்றிக்கொண்டு வந்து அவள் மேலேயே விழுந்தது. தூ, நீயும் ஒரு பொம்பளையா என்று தன்னைத்தானே கேட்டாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். இருநூற்றுப் பதினாலு தடவை உன்னைத்தான் கூப்பிட்டாள். அந்தப் பெண் ஆயுசு முழுக்க, அம்மா என்மேல் கோபத்தோடு செத்தாள் என்று நினைத்துக்கொண்டு கிடக்கட்டுமா? பேர் பதிவாகட்டும். ஜெயிலுக்கே போகட்டும். அவள் பையின் அடியிலிருந்த அந்தப் பட்டியல் தாளை எடுத்துக்கொண்டு பையோடு ஓடினாள்.

மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது.

உலுக்கினாள். "அண்ணே!" என்று கத்தினாள். கீழிருந்து பதில் இல்லை. ஜன்னலுக்கு ஓடித் தட்டினாள். திறக்க முடியாத கண்ணாடி. கீழே மகள் பையை இடுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். பஸ் நிறுத்தம் வரை போனால் போயே போய்விடுவாள்.

பின்னால் டிங் என்றது.

லிஃப்டு திறந்து நின்றது. விளக்கு வெளிச்சம் நடைக்கூடத்தில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தெட்டு. இரண்டு நிமிடம் இருக்கிறது. நாலு மாடி இறங்க அரை நிமிடம் போதும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஏறினாள். பொத்தானை அழுத்தினாள். கதவு வேகமாகச் சாத்திக்கொண்டது. சிவப்பு ரிசீவர் கழன்று வயரில் தொங்கி ஆடியது. அதை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். மூன்று. வாசனைத் திரவத்துக்கு அடியில் பினாயில். சீக்கிரம். சீக்கிரம் போ.

மாடி எண் இரண்டு எரிவதற்குள் விளக்கு போயிற்று.

லிஃப்டு ஒரு முறை குலுங்கி நின்றது.

செக்யூரிட்டியின் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம்.

இருட்டு. தன் கையே தெரியாத இருட்டு. செல்போனுக்காகப் பையைத் துழாவினாள். விரலில் தட்டுப்பட்டது வட்டமான வில்லை. அதன் மேல் விரலை ஓட்டினாள். ஒன்று. ஒன்பது.

கத்தினாள். தட்டினாள். இரு கையாலும் தட்டினாள். செக்யூரிட்டி இந்நேரம் பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் எதிரே கையெழுத்துப் போட்டிருப்பார். மெயினை இறக்கிவிட்டு, காலிப் பெட்டி அடிக்கிற வாசலிலிருந்து எவ்வளவு சீக்கிரம் நகரலாம் என்று தெருமுனைக்கு டீ குடிக்கப் போயிருப்பார். தங்கை மலையில். நாலு நாள். அவளுக்கு ஒவ்வொன்றாக எல்லாம் தெரிந்தது. அவளைப் போல வேறு யாருக்குத் தெரியும்?

சுவரைத் தடவினாள். ரிசீவரை எடுத்தாள்.

மணி அடித்தது. காதில் அடித்தது. அதே நொடியில் மேலேயும் அடித்தது. லிஃப்டு ஏறி இறங்கும் குழியின் வழியாக, நாலாவது மாடியின் கடைசியிலிருந்து, இரும்பு பீரோவுக்குள்ளிருந்து, வயர் வெட்டின ஒரு கருவி அடிக்கிற மணி.

ஐந்து. ஆறு.

உள்ளங்கை வலித்தது. தட்டலை நிறுத்தினாள்.

தட்டல் நிற்கவில்லை. தட். கொஞ்சம் இடைவெளி. தட். உள்ளேயிருந்துதான். அவளுக்குப் பக்கத்துச் சுவரில். அவசரமே இல்லாமல்.

பத்து. பதினொன்று.

காலடியில் தரை ஈரம்.

"ரேடியோக்கா" என்றாள். "நான் குடுக்கத்தான் போனேன். தாளைக் குடுக்கத்தான் போனேன்க்கா. இந்தா, கையிலதான் இருக்கு."

தட்டல் நின்றது.

மேலே மணி நின்றது. காதிலும் நின்றது. மேலே, வெகு மேலே, ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. யாரோ வசதியாக உட்கார்ந்தார்கள். ரிசீவரில் ஒரு மூச்சு கேட்டது.

"வணக்கம்."

அவளுடைய குரல். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு முன்னூறு முறை சொன்ன அதே குரல், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்."

கடைசிச் சொல் ஒரு ஜாண் நீண்டது.

பிறகு பாட்டு வந்தது. காத்திருப்பவர்களுக்கென்று போர்டில் அவளே போட்டு வைத்த, நாற்பது விநாடி ஓடும் அந்த மெட்டு. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.